நரம்புக் கால்வாய் ரெண்டா பிரியுதாம், நான் நூத்துல ஒருத்தனா? (தாடை எலும்பு, சிபிசிடி, அளவு எல்லாம் இங்கேயே பேசுவோம்)

கேள்வி. மார்ச் 4, இரவு 9.12

கீழ்த்தாடையில கடைவாய்ப் பல் இடத்துக்கு இம்ப்ளாண்ட் வைக்க சிபிசிடி (கோன் பீம் சிடி, தாடையை த்ரீடியா காட்டுற ஸ்கேன்) எடுத்தேன். வலது பக்கம் மாண்டிபுலர் கெனால் (கீழ்த்தாடை நரம்புக் கால்வாய்) ரெண்டா பிரியுதுன்னு ரிப்போர்ட்ல எழுதியிருக்கு. தேடிப் பார்த்தா ஒரு இடத்துல 1 சதவீதத்துக்கும் கம்மி பேருக்குத்தான் இப்படி இருக்கும்னு போட்டிருக்கு, இன்னொரு இடத்துல 65 சதவீதம்ங்கறாங்க. ரெண்டுமே டாக்டருங்க எழுதினது. மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு துல்லியத்துக்கு மெஷின் வந்தாச்சு, இன்னும் தாடைக்குள்ள என்ன இருக்குன்னு ஒத்துப்போகலையா? ஆயிரம் பேரை ஸ்கேன் பண்ணி அளந்துட்டா விஷயம் முடிஞ்சுடுமே?

மார்ச் 4, இரவு 11.05

இந்த ஸ்கேன்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுறதுதான் என் பொழப்பு, அதனால ரெண்டு நம்பரும் எங்கேர்ந்து வருதுன்னு தெரியும். அந்த 1 சதவீதம் ஓபிஜி (தாடை முழுசுக்கும் எடுக்குற சாதா எக்ஸ்ரே) காலத்து நம்பர். 1977ல நார்ட்ஜேயும் கூட்டாளிகளும் 3612 ஓபிஜி பார்த்து 33 பேருக்கு ரெட்டைக் கால்வாய்னாங்க, 0.9 சதவீதம் வருது. 1985ல லாங்லே குழு 6000 படம் பார்த்து 57 பேர்னாங்க, அது 0.95. ரெண்டு பேரும் தனித்தனியா பார்த்து கிட்டத்தட்ட ஒரே நம்பர் வந்ததால இதான் உண்மைன்னு பாடத்துல ஏறிடுச்சு. அப்புறம் 2009ல ஜப்பான்ல நைட்டோ குழு 122 பேரை கோன் பீம்ல பார்த்துட்டு 65 சதவீதம்னு போட்டாங்க. இடையில மனுஷனுக்குப் புதுசா நரம்பு ஒண்ணும் முளைக்கல சார், பார்க்குற விதம் மாறிப்போச்சு, அவ்ளோதான்.

ஓபிஜி வளைஞ்ச தாடையை நீட்டி ஒரே தட்டைப் படமா போடுது. பொதுவா 10லேர்ந்து 30 சதவீதம் பெருசாவும் காட்டும், அதுவும் இடத்துக்கு இடம் வேற அளவுல. எதிர்ப்பக்கத்து தாடையோட பேய் நிழல் ஒண்ணு மேல விழும், தொண்டைக் காத்து ஒரு கறுப்புப் பட்டையா குறுக்கே வரும். இதுல ஒரு மில்லிமீட்டர் அகலக் கிளை, அதுவும் பெரிய கால்வாய்க்குப் பின்னாடி ஒளிஞ்சு ஓடுற கிளை, தெரியவே தெரியாது. தலைகீழாவும் நடக்கும், உள்பக்கத்துல மைலோஹையாய்டு நரம்பு போற பள்ளம் படத்துல விழுந்து இல்லாத ரெண்டாவது கால்வாய் மாதிரி நிக்கும். அதனால 1 சதவீதம்ங்கறது வெறும் கம்மி நம்பர்னு சொல்லி முடிச்சுட முடியாது, அதுக்குள்ள விட்டுப்போனதும் இருக்கும், தப்பா சேர்ந்ததும் இருக்கும்.

நீங்க நூத்துல ஒருத்தர் இல்ல. ஆனா நூத்துல அந்த 65 பேர்ல நீங்களும் ஒருத்தர்னும் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

மார்ச் 4, இரவு 11.31

தூங்கப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு. சதவீதம் படிக்கிறப்ப அது ஆளுக்கா, பக்கத்துக்கான்னு பாருங்க. ஒருத்தருக்கு வலது, இடதுன்னு ரெண்டு கால்வாய் இருக்கு. ஒரு பக்கம் மட்டும் பிரிஞ்சிருந்தா ஆள் கணக்குல அவர் முழுசா ஒண்ணு, பக்கக் கணக்குல ரெண்டுல ஒண்ணு. எல்லாருக்கும் ஒரு பக்கம் மட்டும்தான் பிரியுதுன்னு வெச்சுக்கங்க, ஆள் கணக்குல 60 சதவீதம்னா பக்கக் கணக்குல 30. ஒரே டேட்டா, பாதி நம்பர். இந்த ரெண்டு மாதிரிக் கட்டுரையையும் ஒரே டேபிள்ல அடுத்தடுத்துப் போட்டு "இன வேறுபாடு"ன்னு முடிவு எழுதினதை ரிவ்யூவுக்கு வந்தப்ப பார்த்திருக்கேன், திருப்பி அனுப்பினேன்.

மார்ச் 5, காலை 7.50

"கிளை இருக்கா இல்லையான்னு கண்ணுல தெரியாதா?"ன்னு கேட்டிருக்கீங்க. தெரியாதுங்க, அதான் வம்பே. நைட்டோ குழு கிளைகளை நாலு விதமா பிரிச்சாங்க. ஞானப்பல்லுக்குப் பின்னாடி மேலே ஏறி ரெட்ரோமோலார் பகுதியில போய் திறக்குறது, ஒரு பல்லோட வேருக்குப் போறது, பெரிய கால்வாய்க்கு மேலாக முன்னால ஓடுறது, அப்புறம் கன்னப் பக்கமோ நாக்குப் பக்கமோ விலகிப் போறது. இதுல பல் வேருக்குப் போற சின்னக் கிளையைச் சேர்த்தீங்கன்னா நம்பர் ஏறும். "முக்கியக் கால்வாயில பாதி அகலமாவது இருக்கணும்"னு விதி போட்டீங்கன்னா விழும். நிபந்தனை போடுறது நாமதான், அந்த எலும்புக்கு இது எதுவும் தெரியாது. எல்லாப் பல்லுக்கும் நரம்பு போயாகணும்ல, அப்ப எங்கேயோ கிளை பிரிஞ்சுதானே தீரும்? எந்தக் கிளை கால்வாய்னு கூப்பிடுற அளவுக்குப் பெருசுங்கறதுதான் மொத்தச் சண்டையும்.

வேலை நேரம் வந்துடுச்சு, மீதி அப்புறம்.

மார்ச் 5, இரவு 10.20

0.1 மி.மீ விஷயம். இது கொஞ்சம் நீளும்.

கோன் பீம்ல படம் சின்னச் சின்ன கனசதுரங்களா வரும், அதான் வாக்சல். மெஷினையும் செட்டிங்கையும் பொறுத்து ஒரு பக்கம் 0.075லேர்ந்து 0.4 மி.மீ வரைக்கும் இருக்கும். விளம்பரத்துல சொல்றது இந்த நம்பரைத்தான். வாக்சல் 0.1ங்கறதால 0.1 மி.மீ பொருள் ரெண்டு பிரிஞ்சு தெரியும்னு ஆகிடாது. நாய்ஸ் (படத்துல வர்ற புள்ளி இரைச்சல்) இருக்கு, சிதறுற எக்ஸ்ரே இருக்கு. பல மெஷின்ல ஒரு ஸ்கேன் 10, 20 செகண்ட் ஓடும், சிலதுல அதுக்கு மேலயும், அந்த நேரத்துல எச்சில் முழுங்காத ஆளைக் காட்டுங்க பார்ப்போம். எலும்போட விளிம்பு ஒரு வாக்சலுக்குள்ள பாதி எலும்பு பாதி சதைன்னு விழுந்தா அந்த வாக்சல் நடுத்தரச் சாம்பல் நிறமா வரும், அதை எலும்புல சேர்க்குறதா வேண்டாமான்னு சாஃப்ட்வேர்ல நாம வைக்கிற த்ரெஷோல்ட் (எல்லைக்கோடு) முடிவு பண்ணும். த்ரெஷோல்டைக் கொஞ்சம் ஏத்தினா எலும்பு மெலியும், இறக்கினா தடிக்கும், பேஷன்ட் அதே ஆளு, ஸ்கேன் அதே ஸ்கேன்.

மேல்வரிசை முன்பல்லுக்கு முன்னாடி இருக்குற எலும்புத் தகடு பல பேருக்கு 1 மி.மீ கூட தேறாது. 0.3, 0.4 வாக்சல்ல எடுத்த ஸ்கேன்ல அந்தத் தகடு சில இடத்துல காணாமலே போகும், உடனே "எலும்புல ஓட்டை"ன்னு ரிப்போர்ட். சதையைத் திறந்து பார்த்தா மெல்லிசா இருக்கத்தான் செய்யும். உலர்ந்த மண்டையோட்டுல நேரடியா பார்த்துட்டு ஸ்கேனோட ஒப்பிட்ட ஆய்வுகள்லயும் இதேதான் வந்துச்சு, இந்த மாதிரி ஓட்டையை சிபிசிடி இருக்குறதைவிட அதிகமா காட்டுது.

இன்னொரு பக்கமும் சொல்லணும், இல்லன்னா மெஷினைத் திட்டுற ஆளுன்னு ஆகிடுவேன். நீள அளவுக்கு சிபிசிடி நல்ல கருவி. உலர்ந்த கீழ்த்தாடையை காலிபர் வெச்சு அளந்து, அதையே ஸ்கேன் பண்ணி ஸ்க்ரீன்ல அளந்து பார்த்திருக்கேன், பெரிய தூரங்கள்ல வித்தியாசம் பொருட்படுத்துற அளவுக்கு இல்ல. 1998ல இத்தாலி வெரோனால மொஸ்ஸோ குழு பல்லுக்குன்னு முதல் கோன் பீம் மெஷின் பத்தி எழுதுறதுக்கு முன்னாடி, இதே அளவை எடுக்கணும்னா ஒண்ணு தட்டைப் படத்துல மல்லுக்கட்டணும், இல்லன்னா கதிர்வீச்சு டோஸ் அதிகமான பெரிய சிடிக்குப் போகணும். பெரிய தூரத்துக்கு நம்பலாம், மெல்லிசுத் தகட்டுக்கு உஷாரா இருங்க.

மார்ச் 6, காலை 6.40

"அப்ப ஏஐகிட்ட கொடுத்துட்டா மனுஷத் தப்பு இல்லாம போயிடுமே"ன்னு ஒரு தம்பி. ஏஐக்குக் கால்வாய் எங்க ஓடுதுன்னு சொல்லிக்கொடுத்தது யாரு தம்பி? எங்கள மாதிரி ஆளுங்கதான், டீ குடிச்சுக்கிட்டே கோடு போட்டு. அது களைச்சுப் போகாது, இன்னைக்குப் போட்ட கோட்டை நாளைக்கும் அதே இடத்துல போடும், அது பெரிய விஷயம்தான், இல்லங்கல. ஆனா எங்களுக்கு ஒரு பக்கமா சாய்வு இருந்துச்சுன்னா அதுவும் அதே பக்கம் சாயும், தினமும், ஒழுங்கா.

மார்ச் 6, இரவு 9.45

யார் அளந்தாலும் ஒரே அளவுதானே வரணும்னு கேட்டவருக்கு. உங்க கீழ்த்தாடையோட பின்மூலை, காதுக்குக் கீழ தாடை திரும்புற இடம், அதுக்கு கோனியான்னு பேரு. தலையணை மூலை சரியா எந்தப் புள்ளின்னு விரல் வைக்கச் சொன்னா ஆளாளுக்கு ஒரு இடத்துல வைப்பாங்கல்ல, கோனியான் அந்தக் கதைதான். அது ஒரு வளைவு, வளைவுல புள்ளியே கிடையாது, நாம ஒண்ணு நட்டு வைக்கிறோம். மென்டல் ஃபொராமென் (நரம்பு தாடையை விட்டு வெளியே வர்ற துளை) மாதிரி ஒரு ஓட்டையோட விளிம்புன்னா கை தானா அங்க போய் நிக்கும். அதனால ஒரே கட்டுரையில கோனியான் சேர்ந்த அளவையும் ஃபொராமென் சேர்ந்த அளவையும் ஒரே டெசிமல் வரைக்கும் போட்டிருந்தா எனக்குச் சந்தேகம் வந்துடும்.

என் பழக்கம் என்னன்னா முதல் தடவை அளந்ததை மூடி வெச்சுட்டு, சில வாரம் கழிச்சு, பழைய நம்பரைப் பார்க்காம, ஸ்கேன் வரிசையையும் கலைச்சுட்டு மறுபடி அளக்குறது. ரெண்டுக்கும் நடுவுல வர்ற வித்தியாசத்தை டால்பெர்க் சூத்திரத்துல போட்டா என் கை எவ்ளோ ஆடுதுன்னு மில்லிமீட்டர்ல வந்துடும். வித்தியாசங்களோட வர்க்கத்தையெல்லாம் கூட்டி, ஜோடி எண்ணிக்கையோட ரெண்டு மடங்கால வகுத்து, வர்க்கமூலம் எடுக்கணும், அவ்ளோதான். 1940லேர்ந்து இருக்கு, கால்குலேட்டர் போதும். முதல் தடவை பண்ணிப் பார்த்தப்ப ஃபொராமென் அளவெல்லாம் சமர்த்தா இருந்துச்சு, கோனியான் சேர்ந்த அளவுகள்ல என் கைத்தப்பு நான் தேடிக்கிட்டிருந்த ஆண் பெண் வித்தியாசத்துல கணிசமான பங்கு வந்து நின்னுச்சு. அன்னைலேர்ந்து தாடை வேறுபாடுன்னு யாராவது நம்பர் சொன்னா, முதல்ல அளந்தவரோட வேறுபாடு எவ்ளோன்னு கேக்குற கெட்ட பழக்கம் வந்துடுச்சு. கல்யாணத்துக்கெல்லாம் என்னை யாரும் கூப்பிடுறதில்ல.

கூடவே இதையும் சொல்லிடறேன், ரெண்டு பேர் அளவுக்கும் கோரிலேஷன் (ஒண்ணு ஏறினா இன்னொண்ணும் சேர்ந்து ஏறுதாங்கற கணக்கு) 0.98ன்னு போட்டு "ஒத்துப்போகுது"ன்னு முடிக்கிறவங்க இருக்காங்க. ஒருத்தர் எப்பவும் 2 மி.மீ கூட அளந்தாலும் கோரிலேஷன் அப்படியே உசரத்துலதான் இருக்கும். ஆல்ட்மனும் பிளாண்டும் 1986லயே இதைப் பிச்சுப் போட்டு, வித்தியாசத்தை நேரடியா வரைஞ்சு பாருங்கன்னு வழி சொல்லிட்டாங்க. இன்னும் நடக்குது.

மார்ச் 7, மதியம் 1.15

லஞ்ச் பிரேக். "என் ஸ்கேன்ல எலும்பு அடர்த்தி 850ன்னு போட்டிருக்கு, நல்லதா?"ன்னு ஒரு கேள்வி.

அது சிபிசிடியோட கிரே வேல்யூவா (படத்துல சாம்பல் நிறத்துக்குக் கொடுக்குற எண்) இருந்தா அதை வெச்சு ஒரு முடிவும் எடுக்காதீங்க. ஆஸ்பத்திரிப் பெரிய சிடியில ஹவுன்ஸ்ஃபீல்ட் யூனிட்னு ஒரு அளவுகோல் இருக்கு, தண்ணி 0, காத்து மைனஸ் 1000. சிபிசிடியில சிதறல் அதிகம், பார்க்குற வட்டத்துக்கு வெளியே இருக்குற தலை பாதியும் கணக்கைக் கெடுக்கும், பக்கத்துல ஒரு உலோகக் கேப் இருந்தா இன்னும் மோசம். அதே எலும்பு வேற மெஷின்ல வேற நம்பர், அதே மெஷின்லயே வட்டத்தோட நடுவுல ஒண்ணு, ஓரத்துல ஒண்ணு. வடிவத்துக்கு சிபிசிடி ஓகே, அடர்த்திக்கு அது ஆள் இல்ல.

மார்ச் 7, இரவு 11.50

ஆயிரம் பேரை அளந்தா முடிஞ்சுடுமேன்னு இருந்துச்சே, அது மண்டைக்குள்ளயே ஓடிக்கிட்டிருக்கு. ஆயிரம் இல்ல, பத்தாயிரம் கிடைச்சாலும் அந்தப் பத்தாயிரம் பேர் யாருங்கறதுதான் கேள்வி. சும்மா தெருவுல போறவனை யாரும் சிபிசிடி எடுக்கச் சொல்றதில்ல. ஞானப்பல் மாட்டிக்கிட்டவன், பல்லு போனவன், தாடையில கட்டி இருக்குறவன், க்ளிப் போடப் போறவன், இவங்க ஸ்கேன்தான் கம்ப்யூட்டர்ல சேருது. அதை எடுத்து அளந்து "மக்கள் தொகையில இத்தனை சதவீதம்"னு எழுதுறோம்.

பல்லு போனவங்க விஷயம் லேசுப்பட்டதில்ல. பல் போனா அதைத் தாங்கிக்கிட்டிருந்த எலும்பும் கரைய ஆரம்பிக்கும். டால்கிரென் 1972ல எழுதினது, முழு செட் பல்லு போட்டவங்களை 25 வருஷம் வரைக்கும் தொடர்ந்து பார்த்ததுல கீழ்த்தாடை முன்பக்கம் மேல்தாடையைவிட சுமார் நாலு மடங்கு கரைஞ்சுதாம். சில பேருக்குக் கரைஞ்சு கரைஞ்சு மென்டல் ஃபொராமென் தாடையோட மேல்விளிம்புக்கே வந்துடும், செட்டுப் பல்லு அழுத்துறப்ப நரம்புலயே அழுத்தும். இப்ப ஒரு 30 வயசுத் தாடையையும் பல்லில்லாத 70 வயசுத் தாடையையும் ஒரே கணக்குல போட்டு, மேல்விளிம்புலேர்ந்து கால்வாய்க்குச் சராசரி தூரம்னு ஒரு நம்பர் எடுத்தா அது யாரோட தாடை? யாரோடதும் இல்ல. அதனாலதான் கரையாத இடத்துலேர்ந்து, அதாவது கீழ்விளிம்புலேர்ந்து, தூரம் எடுத்தா கொஞ்சமாவது ஒப்பிட முடியும்னு சொல்றேன்.

ஃபொராமென் எந்தப் பல்லுக்கு நேர்ங்கறதும் இப்படித்தான். சில மக்கள்ல ரெண்டு முன்கடைவாய்ப் பல்லுக்கு நடுவுல அதிகம், ஆசிய, ஆப்பிரிக்க மாதிரிகள்ல ரெண்டாவது முன்கடைவாய்ப் பல்லுக்கு நேர் கீழ அதிகம்னு பல ஆய்வு சொல்லுது. நம்புறேன். ஆனா க்ளிப் போட முன்கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, இருக்குற பல்லை நகர்த்தினவங்களைக் கழிச்சாங்களான்னு பார்த்துட்டு நம்புறேன். நகர்ந்த பல்லைக் குறியா வெச்சு அசையாத ஓட்டையோட இடத்தைச் சொல்றது என்ன நியாயம்?

மார்ச் 8, மாலை 5.30

ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் தடம் மாறுவோம். "ஆதி மனுஷன் தாடை பெருசு, நம்மது சுருங்கிடுச்சு, அதான் ஞானப்பல்லுக்கு இடமில்ல"ன்னு ஒருத்தர் போட்டிருந்தார். பாதி சரி.

2011ல நோரீன் வான் கிரமான் டௌபடெல்னு ஒரு மானுடவியலாளர் உலகத்தோட பல பகுதித் தாடைகளையும் மண்டையோடுகளையும் ஒப்பிட்டாங்க. மண்டையோட்டு வடிவம் பெரும்பாலும் வம்சத்தைச் சொல்லுது, கீழ்த்தாடை வடிவமோ சாப்பாட்டு வழியைச் சொல்லுது. வேட்டையாடிச் சேகரிச்சவங்க தாடை நீளமா குறுகலா, விவசாயம் பண்ணவங்க தாடை குட்டையா அகலமா. மெல்லுற வேலை கம்மியானா வளர்ற வயசுல தாடை முழுசா வளராதுங்கறது ஒரு வலுவான விளக்கம். ஆக பரிணாமத்துல சுருங்கினதுன்னு மட்டும் சொல்லிட முடியாது, ஒவ்வொரு பிள்ளையோட வளர்ச்சியிலயும் இது நடக்குது. நியாண்டர்தாலுக்கு ஞானப்பல்லுக்குப் பின்னாடி காலி இடமே இருக்கும். மோவாய்க்கட்டை துருத்துறது மட்டும் நம்ம இனத்தோட சொத்து, அது ஏன் வந்துச்சுன்னு இன்னும் அடிச்சுக்கிறாங்க.

தாடைன்னதும் பில்ட்டவுன் ஞாபகம் வருது. 1912ல இங்கிலாந்துல மனுஷ மண்டையும் குரங்குத் தாடையும் சேர்ந்த ஆதி மனுஷன் கிடைச்சதா ஒரே ஆரவாரம், 1953ல மோசடின்னு வெளுத்துச்சு, தாடை ஒராங்குட்டானோடது, பல்லை யாரோ அரம் வெச்சு தேய்ச்சிருந்தாங்க. மண்டையோட தாடை சேர்ற முனை இல்லாம உடைஞ்சு இருந்துச்சு, இருந்திருந்தா பொருந்தலன்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். 2016ல சிடி போட்டுப் பார்த்தப்ப உள்ள சின்னச் சின்னக் கல்லு அடைச்சு மேல பட்டி (ஓட்டை அடைக்கிற பசை) பூசியிருந்ததும் தெரிஞ்சது. நாப்பது வருஷம் பெரிய பெரிய ஆளுங்க அளந்துக்கிட்டே இருந்தாங்க சார் அதை!

மார்ச் 8, இரவு 8.10

"தாடை ஸ்கேனை வெச்சு ஆணா பெண்ணான்னு சொல்லிடலாமா?"

சராசரியா சொல்லலாம், ஆளுக்கு ஆள்னா ஜாக்கிரதை. ஆண் தாடை சராசரியில பெருசு, கோனியான் பக்கம் தடிச்சு வெளியே விரியும், மோவாய் சதுரமா இருக்கும். 1996ல லோத்தும் ஹென்னெபெர்கும், தாடையோட நிமிர்ந்த பகுதி பின்விளிம்புல வளைஞ்சிருந்தா ஆண், நேரா இருந்தா பெண், இது ஒண்ணே போதும்னு ரொம்ப உசந்த துல்லியம் சொன்னாங்க. மத்தவங்க ஆண் பெண் தெரியாம மறைச்சு வெச்சு சோதிச்சப்ப அந்தத் துல்லியம் கிடைக்கல. ஏன்னு யோசிச்சா மறுபடி மேல சொன்ன இடத்துக்கே வரும், எவ்ளோ வளைஞ்சா வளைவு? பார்க்குறவன் மனசுல ஏற்கனவே ஒரு பதில் இருந்தா வளைவு தானா கண்ணுல படும்.

த்ரீடி வந்ததுல இங்க நிஜமான லாபம் இருக்கு. புள்ளிகளைக் குறிச்சு, ப்ரோக்ரஸ்டீஸ் முறையில எல்லாத் தாடையையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, நகர்வு, திருப்பம், அளவு மூணையும் கழிச்சுட்டா மிச்சம் நிக்கிறது சுத்தமான வடிவம். அப்பப் பார்த்தா ஆண் பெண் வித்தியாசத்துல பெரிய பங்கு வெறும் சைஸ்தான்னு தெரியும். சைஸும் வடிவமும் சேர்ந்தே மாறும், அதனால "கழிச்சாச்சு"ன்னு நிம்மதியா உக்காரவும் முடியாது. ஒரு எச்சரிக்கை, கீழ்த்தாடையை மண்டையோட சேர்த்து இந்தக் கணக்குல போடாதீங்க. ஸ்கேன்ல ஒருத்தர் வாயை மூடியிருப்பார், ஒருத்தர் பஞ்சு கடிச்சிருப்பார், திறந்த வாய் வடிவ வேறுபாடா வந்து நிக்கும். தாடையைத் தனியா வெட்டி எடுத்துட்டுப் பண்ணுங்க.

மார்ச் 9, இரவு 10.05

இம்ப்ளாண்ட் வைக்கிறப்ப கால்வாய்க்கு மேல 2 மி.மீ விடுவாங்கன்னு முந்தாநாள் தனிச்செய்தியில ஒருத்தருக்குச் சொன்னேன், அவர் அதை வெச்சு அவங்க டாக்டர்கிட்ட சண்டை போட்டுட்டு வந்திருக்கார். இங்கயே விளக்கிடறேன். அந்த 2 மி.மீ சட்டம் இல்ல, ஸ்கேன்ல வர்ற தப்பு, ட்ரில் கொஞ்சம் ஆழமா போறது எல்லாத்துக்கும் சேர்த்து விடுற இடைவெளி. எலும்பு ஆளுக்கு ஆள் மாறுது, கூடவே அளவும் ஆடுது, ரெண்டையும் தெரிஞ்சவங்க வெச்ச காப்பு.

சராசரியை நம்பக்கூடாதுங்கறதுக்கு மென்டல் நரம்போட வளைவு நல்ல உதாரணம். சில பேருக்கு நரம்பு ஃபொராமெனைத் தாண்டி முன்னால போயிட்டு திரும்பி வந்து வெளியேறும், சில பேருக்கு வளைவே இல்ல, சில பேருக்குப் பல மில்லிமீட்டர் முன்னால போகும். சராசரி 2 மி.மீன்னு படிச்சுட்டு அவ்ளோ மட்டும் தள்ளி வெச்சா பெரிய வளைவு உள்ளவர் உதடு மரத்துப் போய் நிப்பார். இங்க வேண்டியது சராசரி இல்ல, இந்த ஒரு ஆளோட வளைவு.

முன்பக்கம் "பத்திரமான ஏரியா"ன்னு ஒரு நினைப்பு. நடுக்கோட்டுல நாக்குப் பக்கம் ஒரு துளை கிட்டத்தட்ட எல்லாருக்கும் இருக்கும், அதுக்குள்ள ரத்தக்குழாய் போகும். ட்ரில் உள்பக்கத் தகட்டைத் துளைச்சுட்டா வாய்த்தரையில ரத்தம் கட்டி மூச்சையே அடைக்கிற அளவுக்குப் போனது பதிவாகியிருக்கு. பின்பக்கம் உமிழ்நீர்ச் சுரப்பி உக்கார்ற குழி, ஓபிஜியில அதோட ஆழம் தெரியவே தெரியாது, எலும்பு உசரமா இருக்கேன்னு நேரா இறக்கினா உள்பக்கமா வெளியே வந்துடும். அந்தக் குழி எலும்பைக் குடைஞ்சு இன்னும் ஆழமா போனா கட்டி மாதிரியே இருக்கும், ஸ்டாஃப்னே 1942ல 35 பேருக்கு இப்படின்னு எழுதினார், அவர் பேராலயே ஸ்டாஃப்னே சிஸ்ட் (நீர்க்கட்டி)ங்கறோம். சிஸ்ட்டே இல்ல அது, பெரும்பாலும் ஒண்ணும் பண்ணத் தேவையில்ல. த்ரீடியில பார்த்தா உள்பக்கம் திறந்த குழின்னு உடனே தெரிஞ்சுடும்.

மார்ச் 10, காலை 7.05

ஆர்வத்துல ரெண்டு பேர் "நாங்களும் ஒரு ஸ்கேன் எடுத்து அனுப்பட்டுமா"ன்னு. வேண்டவே வேண்டாம். 2012ல வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல்ல தொகுத்த டோஸ் பாருங்க, ஓபிஜி சுமார் 3லேர்ந்து 24 மைக்ரோ சீவர்ட். பல், தாடை அளவு சிபிசிடி 11லேர்ந்து 674, முகம் முழுக்க எடுத்தா 30லேர்ந்து 1073. இயற்கையா ஒரு வருஷத்துல உலகச் சராசரியா சுமார் 2400 வாங்குறோம், அதனால பயந்து ஓட வேண்டியதில்ல, ஆனா வேடிக்கைக்கு எடுக்குற பொருள் இல்ல இது. 11க்கும் 674க்கும் நடுவுல இருக்குற தூரத்தைப் பாருங்க, எந்த மெஷின், எவ்ளோ பெரிய வட்டம், எந்த செட்டிங்ங்கறதுல அவ்ளோ இருக்கு. இதனாலதான் வியாதி இல்லாதவங்க ஸ்கேன் கிடைக்காது, நான் புலம்பின சாம்பிள் பிரச்சனைக்கு நல்ல தீர்வும் கிடையாது. எடுத்ததை வெச்சுத்தான் ஓட்டணும், யாரை எதுக்கு எடுத்தாங்கன்னு நேர்மையா எழுதணும்.

மார்ச் 10, இரவு 11.20

தீசிஸ் பண்ற தங்கச்சிக்கு, நீங்க அனுப்பின எஸ்டிஎல் ஃபைலை (த்ரீடி மேற்பரப்பு மட்டும் இருக்குற ஃபைல்) வெச்சு தாடை வால்யூம் சொல்ல மாட்டேன். எஸ்டிஎல்ங்கறது யாரோ ஒரு த்ரெஷோல்ட் வெச்சு வெட்டின தோல், உள்ள இருந்த சாம்பல் நிறமெல்லாம் போயாச்சு, அவங்க எங்க வெட்டினாங்கன்னு இனி திரும்பிப் பார்க்க வழியில்ல. மூல டைகாம் (ஸ்கேன் மெஷின் தர்ற அசல் ஃபைல்) இருந்தா அதை எடுங்க. த்ரீடி ஸ்லைசரோ ஐடிகே ஸ்நாப்போ சாஃப்ட்வேர் போட்டுக்கங்க, ரெண்டும் இலவசம். ஒரே ஆளே எல்லாத்தையும் ஒரே த்ரெஷோல்ட் விதியில வெட்டுங்க, கொஞ்சத்தை ரெண்டாவது ஆள் தனியா வெட்டட்டும். வாக்சல் சைஸ் கலந்திருந்தா தனித்தனிக் கும்பலா வைங்க, 0.2ல எடுத்ததையும் 0.4ல எடுத்ததையும் சேர்த்தா மெஷின் வித்தியாசம் மனுஷ வித்தியாசமா வந்து நிக்கும். வலதும் இடதும் ஒரே ஆளோடது, 80 பேரை 160 சாம்பிள்னு எழுதாதீங்க, கைடு கேட்டாலும்.

டைகாம் அனுப்புறதுக்கு முன்னாடி ஹெடர்ல இருக்குற பேர், பிறந்த தேதி எல்லாத்தையும் அழிங்க. முகம் முழுக்க எடுத்த ஸ்கேன்னா அது மட்டும் போதாது, தோல் த்ரெஷோல்டுக்கு இறக்கினா ஆளோட முகமே ஸ்க்ரீன்ல வந்து நிக்கும், அதனால மூக்குக்கு மேல வெட்டி, முன்பக்கச் சதையையும் மறைச்சுட்டு அனுப்புங்க.